டாக்டர் மெய்யநாதனின் சுவரில் சாய்ந்த பகடை

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

முதலில், பினாங்கு மேசைப்போர்க் கழகத்தின் செயற்குழு எடுத்துள்ள ஒரு முக்கியமான முடிவை அறிவிக்க வேண்டியது செயலாளர் என்ற முறையில் என் கடமை. இன்றைய கூட்டத்திற்கு மட்டும், இந்த மண்டபத்தின் மேசைகள் மீது தேநீர்க் கோப்பையை வைக்கலாம். நீண்ட விவாதம் நடந்தது. ஓர் உறுப்பினர் வெளிநடப்புச் செய்தார். குடையை மறந்துவிட்டதால் திரும்பி வந்தவர், வந்த கையோடு ஆதரித்து வாக்களித்தார். தீர்மானம் நிறைவேறியது. பல ஆண்டுகளாக இந்த மேசைகள் மீது எந்தப் பானமும் இறங்கியதில்லை என்பதை வரலாறு அறிந்தவர்கள் அறிவார்கள்.

அந்தத் தடையை விதித்தவர் இன்று மாலையிட்ட படமாக இருக்கிறார். தடையும் தளர்ந்துவிட்டது. ஆனால், இங்கிருந்து பார்க்கிறேன், ஒருவர்கூடக் கோப்பையை மேசையில் வைக்கவில்லை! எல்லோரும் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மனிதரின் செல்வாக்குக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும், டாக்டரின் அண்ணன் பெரியவர் முத்தையா அவர்களே, டாக்டரின் துணைவியார் சிவகாமி ஆச்சி அவர்களே, புக்கிட் மெர்தாஜாம் கிளினிக்கில் அவருக்கு வலக்கையாக இருந்த தாதி துளசி அவர்களே, அடுப்பை விட்டு மேலே வர முடியாமல் கீழே காப்பிக்கடையிலிருந்தே நமக்குத் தேநீர் அனுப்பிக்கொண்டிருக்கும் நூர்ஜான் அக்கா அவர்களே, கழக உறுப்பினர்களே, பல் வலியோடு அவரிடம் போய்ச் சிரிப்போடு திரும்பிய பெருமக்களே!

பல் மருத்துவர் டாக்டர் மெய்யநாதன் மறைந்துவிட்டார்.

வந்திருக்கும் உறவினர்களில் சிலருக்கு, நாங்கள் யார், இந்த மாடியில் என்ன செய்கிறோம் என்பது இன்னும் விளங்காமல் இருக்கலாம். விளக்கிவிடுகிறேன். விரல் உயரமுள்ள பொம்மைப் படைவீரர்களை மேசைமீது நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடாவால் அளந்து அளந்து நகர்த்தி, போர் புரிகிறோம். நாங்கள் வளர்ந்தவர்கள். வேலைக்குப் போகிறவர்கள். எங்களில் சிலருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. இதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை.

பெரியவர் முத்தையா அவர்கள் சற்றுமுன் என்னிடம் சொன்னார்: "சனிக்கிழமையானா தம்பி கோட்டை கட்டப் போறேன், மதில் கட்டப் போறேன்னு கிளம்பிருவான். கோயில் திருப்பணின்னு நினைச்சு இத்தனை வருஷம் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்." ஐயா, நீங்கள் பெருமைப்பட்டது வீண் போகவில்லை. அவர் திருப்பணிதான் செய்தார். மூலவர்தான் சற்று உயரம் குறைவு.

போர் என்றால் களம் வேண்டும் அல்லவா? மலை வேண்டும், காடு வேண்டும், ஆறு வேண்டும், இடிந்த வீடு வேண்டும். இவற்றையெல்லாம் எங்கள் வழக்கில் 'டெரேன்' என்போம். டாக்டர் வருவதற்குமுன் எங்கள் மலைகள் என்னவாக இருந்தன? போர்வைக்கு அடியில் புத்தகங்களாக இருந்தன. எங்கள் ஆறு? நீலத் துண்டு. எங்கள் காடு? காடு இருப்பதாக ஒப்புக்கொள்வோம், அவ்வளவுதான்.

அவர் வந்தார். பாசாரில் மீன் வந்திறங்கும் வெள்ளை நுரைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, சூடான கம்பியால் அறுத்து மலையாக்கினார். நூர்ஜான் அக்கா கடையில் தேநீர் வடித்த சக்கையைக் கிளினிக் மொட்டைமாடியில் காயவைத்துக் காட்டுத் தரையாக்கினார். பல் அச்சு எடுக்கும் மாவில் மதில் வார்த்தார். அவருடைய முதல் கோட்டை கம்பீரமானது. மீன் வாடை மட்டும் போகவில்லை. அந்தக் கோட்டையை முற்றுகையிட்டு வென்ற ஒரே படை கீழே காப்பிக்கடையில் திரியும் பூனைகள்தாம்.

துளசி அவர்கள் ஒன்று சொல்வார்கள். கிளினிக் மேசையில் ஒரு பக்கம் பல்செட்டுகளும் மறு பக்கம் இடிந்த கோபுரங்களும் சேர்ந்து காய்ந்துகொண்டிருக்குமாம். ஒரு நாள் ஓர் அம்மாள் அதைப் பார்த்துப் பயந்துபோய், "டாக்டர், இது யாரோட பல்லு?" என்று கேட்டாராம்.

"அது பல்லு இல்லம்மா. கோட்டை."

"கோட்டை ஏன் டாக்டர் இப்படி இடிஞ்சு கெடக்கு?"

"ராத்திரி பல்லு வெளக்காம படுத்துருச்சு."

அந்த அம்மாள் அன்றிலிருந்து இரவிலும் பல் துலக்குகிறாராம். மருத்துவ சேவை என்பது இதுதான்.

கழகம் அவருக்குக் 'களச்சிற்பி' என்ற பட்டம் அளித்துப் பொன்னாடை போர்த்தியது. பட்டத்தை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். பொன்னாடையை அடுத்த வாரமே வெட்டி, விளைந்த நெல்வயலாக்கி, அதோ அந்த மேசையில் ஒட்டிவிட்டார். இந்த ஊரில் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். அதில் ஏதாவது விளைந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஆனால் அவர் கட்டியவற்றை அழகுக்காக மட்டும் கட்டவில்லை. ஒவ்வொரு களத்தையும் கட்டி முடித்ததும், மேசையின் இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். கன்னத்தை மேசையோடு ஒட்டிப் பார்ப்பார். பிறகு எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருவார். "ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் கஷ்டமாத்தான் இருக்கு. அப்ப சரி," என்பார். நண்பர்களே, எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இனி அவருடைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

மயிரிழைத் தூரத்தில்தான் எங்கள் சண்டைகள் எல்லாம் வரும். படை எட்டியதா, எட்டவில்லையா? பீரங்கிக்கு மதிலுக்கு அப்பால் கண் தெரியுமா, தெரியாதா? விதிப்புத்தகத்தைப் புரட்டுவோம், குரலை உயர்த்துவோம், வீட்டுக்குப் போய்விடுவோம். டாக்டர் இங்கே முதன்முதலாக ஆடியபோது எதிராளியின் குதிரைப்படை ஒரு நூல் தூரம் எட்டவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "வந்துருச்சு தம்பி. அடிங்க," என்றார். அந்த ஆட்டத்தில் தோற்றார். முகத்தில் துளி வருத்தமில்லை. "சந்தேகம்னா எதிராளிக்கு. அப்படி ஆடினா வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கும்," என்றார்.

விதி என்று அவர் எதையும் எழுதவில்லை. கொஞ்ச நாளில் எல்லோரும் அப்படியே ஆடத் தொடங்கிவிட்டோம். சந்தேகம் எதிராளிக்கு! ஈப்போவிலிருந்து ஆட வந்தவர்கள் எங்கள் மரியாதையைப் பார்த்து இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். "உங்க ஆளு சாகல அண்ணே, நிக்கிறாரு பாருங்க." "இல்ல தம்பி, செத்துட்டாரு. நானே பாத்தேன்." இப்படிப் பேசிக்கொண்டே ஆட்டங்கள் முன்பைவிட நீளமாகிவிட்டன. சண்டை போட்ட காலத்தில் சீக்கிரம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில், நம்மோடு இருக்கும் இரண்டு நண்பர்களின் அனுமதியோடு, அவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். அனுமதியை இருவரிடமும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஜுருவில் கார் வியாபாரம் செய்யும் ராம்நாத்தையும், சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலைப் பொறியாளராக இருக்கும் சுலைமானையும் நீங்கள் அறிவீர்கள். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். டாக்டர் வருவதற்குமுன் இந்தக் கழகத்தைத் தொடங்கியவர்கள். சென்ற ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இவர்கள் இருவரும் மோதினார்கள். டாக்டர்தான் நடுவர். கடைசிப் பகடை சுலைமான் கையில். ஆறு விழுந்தால் சுலைமானுக்கு வெற்றிக் கோப்பை. விழாவிட்டால் ராம்நாத்துக்கு.

உருட்டினார். பகடை ஓடிப்போய் டாக்டர் கட்டிய சுவரின் அடியில், ஒரு பிளவில் விளிம்பு சிக்கி, சாய்ந்து நின்றது. ஆறு தெரிந்தது. ஆனால் பகடை படுக்கவில்லை.

"ஆறுலா. நீ ஜெயிச்சிட்ட," என்றார் ராம்நாத்.

"சாஞ்சு நிக்குது. செல்லாது. மறுபடி உருட்டுறேன்."

"எதுக்குடா மறுபடி? நான்தான் ஆறுங்கிறேன்ல. சந்தேகம் எதிராளிக்கு. வாங்கிக்க."

"எனக்கு நீதான் எதிராளி. நான் குடுக்கிறேன், நீ வாங்கிக்க."

"என்னடா, எனக்குப் பிச்சை போடுறியா?"

"நீ மட்டும் என்ன போடுறியாம்? போன வாட்டி விட்டுக்குடுத்துட்டு, நான்தான் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்னு ஜுரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்ச. டயர் மாத்துறவன் வரைக்கும் தெரியும்லா!"

உலகத்தில் மனிதர்கள் வெற்றியைப் பறித்துக்கொள்ளச் சண்டை போட்டிருக்கிறார்கள். வெற்றியை ஒருவர் தலையில் ஒருவர் கட்டச் சண்டை போட்டவர்கள் இவர்களாகத்தான் இருக்கும். ராம்நாத் முன் படி வழியாக இறங்கிப் போனார். சுலைமான் பின் படி வழியாக இறங்கிப் போனார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோப்பையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் அந்தப் பகடையை யாரையும் தொடவிடவில்லை. பல்செட் போட்டு வைக்கும் கண்ணாடிக் குவளை ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தார். "இத எடுக்கிறதுன்னா அவங்க ரெண்டு பேருந்தான் எடுக்கணும்," என்றார். இன்று மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்திருக்கிறோம். சன்னலோரம் ஒரு மேசையில் மட்டும் துணி கூம்பி நிற்கிறதே, அதற்குக் கீழே இருப்பது அந்தக் குவளைதான். தண்ணீர் இருக்கும் என்று நினைத்து யாரும் எடுத்துவிட வேண்டாம்.

அதன்பின் ஒரு நாள் கீழே காப்பிக்கடையில் என்னிடம் சொன்னார்: "அந்தப் பிளவ நான்தான் வெட்டினேன். சுவர் பழசாத் தெரியணும்னு." வாழ்நாள் முழுவதும் பிறர் பல்லில் விழுந்த பிளவை அடைத்தவர், வேண்டுமென்றே வெட்டிய பிளவு அது ஒன்றுதான். அதை அவரால் மன்னிக்க முடியவில்லை. நான், சுவர்மேல் என்ன தப்பு டாக்டர், ஆட்கள்தானே சண்டை போட்டார்கள் என்றேன். தலையை ஆட்டினார். "இல்ல. எல்லாருக்கும் விட்டுக்குடுக்கச் சொல்லிக் குடுத்தேன். வாங்கிக்கச் சொல்லிக் குடுக்கல. அடுத்தவன் குடுக்கிறத நன்றின்னு சொல்லி வாங்கிக்கிறது அதவிடக் கஷ்டம். அதுல நம்ம கை கீழ இருக்கும்."

நண்பர்களே, நான் சற்று அதிகமாகவே படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்த வாக்கியத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

பிறகு அவருக்கு உடல் நலம் குன்றியது. பினாங்குத் தீவிலிருக்கும் மருத்துவமனைக்குக் கடல் பாலம் கடந்து அடிக்கடி வர வேண்டியிருந்தது. ராம்நாத் ஒரு நாள் அழைத்து வருவார், சுலைமான் மறு நாள் அழைத்து வருவார். இருவரும் சந்தித்துவிடாதபடி நேரம் ஒதுக்கும் பொறுப்பு சிவகாமி ஆச்சியுடையது. பகை நாட்டுத் தூதர்களை ஒரே விருந்துக்கு அழைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்குக்கூட அவ்வளவு வேலை இருக்காது.

ஒரு நாள் ஆச்சியின் கணக்குத் தவறியது. இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றன. "ஆச்சி, அவரையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க," என்றார் ராம்நாத். "பரவால்ல ஆச்சி, அவர் மொதல்ல வந்தாரு, அவரே போகட்டும்," என்றார் சுலைமான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆச்சியைப் பார்த்தே வழிவிட்டுக்கொண்டு நின்றார்கள். அன்று டாக்டர் வாடகைக் கார் பிடித்து மருத்துவமனைக்குப் போனார்.

காரில் ஏறியதும் சிரித்தாராம். பாலம் ஏறியதும் அழுதாராம். "அவங்க ரெண்டு பேரும் பேசிக்கணும் சிவகாமி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாராம். இதை என்னிடம் சொன்னது ஆச்சி.

அந்த மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு மலை கட்டினார். அவருடைய மலைகள் எல்லாம் துண்டு துண்டாகப் பிரியும், பெட்டிக்குள் அடங்கும், காரின் பின்பக்கத்தில் போகும். "தூக்க முடியாத மலை எதுக்கு?" என்பது அவர் கொள்கை. ஆனால் இந்தக் கடைசி மலையை மட்டும் ஒரே துண்டாகக் கட்டிவிட்டார். அருவி, குகை, உச்சியில் ஓர் ஒற்றை மரம். ஒருவரால் தூக்க முடியாது. பெட்டியில் அடங்காது. வண்டியில் ஏற்றினால் ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்து கையால் பிடித்துக்கொண்டே வர வேண்டும். உடல் தளர்ந்திருந்ததால் அவரால் துண்டுபோட முடியவில்லை என்பது செயற்குழுவின் கருத்து. ஆச்சியின் கருத்து வேறு. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு, வீட்டிலிருந்த களங்கள் அனைத்தையும் ஆச்சி கழகத்திற்கே கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்கவில்லை. ராம்நாத்தைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஒங்க வேன் வேணும்," என்றார். சுலைமானை அழைத்து, "தம்பி, ஒங்க கை வேணும்," என்றார். யாருக்கும் மற்றவர் பெயரைச் சொல்லவில்லை. சென்ற சனிக்கிழமை இருவரும் புக்கிட் மெர்தாஜாம் வீட்டு வாசலில் நேருக்கு நேர் நின்றார்கள். மலை நடுவில் இருந்தது.

ஆச்சி சொன்னார்: "இன்னிக்கு யாரும் யாருக்கும் வழி விட வேண்டாம். ஒருத்தர் ஓட்டுங்க, ஒருத்தர் பிடிங்க."

ராம்நாத் ஓட்டினார். சுலைமான் பின்னால் மலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முன் இருக்கையில், மடி நிறையப் பெயிண்ட் டப்பாக்களோடு நான் இருந்தேன். வேன் பாலத்தில் நத்தையாக ஊர்ந்தது. பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. ராம்நாத் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஓட்டியதை நான் பார்த்ததில்லை. அவரிடம் கார் வாங்கியவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நடுப்பாலத்தில் ஒரு சிறு குலுக்கல்.

"பிரேக்க மெதுவா போடு."

அது பின்னாலிருந்து வந்தது.

"நீ மலையப் பிடி."

இது முன்னாலிருந்து.

வேன் இந்த மண்டபம் இருக்கும் பர்மா சாலைக்கு வந்து சேர்ந்தது. இங்கே மாடிப்படியில் ஏற்றும்போது ராம்நாத் பின்னோக்கி நடந்தார். "படி," என்றார் சுலைமான். "தெரியும்." "இன்னும் ஒண்ணு." "தெரியும்லா." உச்சியிலிருந்த ஒற்றை மரம்கூட ஆடாமல் மலை மேலே வந்து சேர்ந்தது. அதோ, சுவரோரம் துணி போர்த்தாமல் விட்டிருக்கிறோம், பாருங்கள். மேசைமேல் வைத்துவிட்டு இருவரும் கைத்தூசியைத் தட்டிக்கொண்டார்கள். சுலைமான் சன்னலோர மேசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஒருவர் முன் படியிலும் மற்றவர் பின் படியிலும் இறங்கிப் போனார்கள். இதற்கு மேல் நடந்தது எதுவும் செயற்குழுவுக்குத் தெரியாது.

டாக்டர்! எத்தனை பேருடைய வாயைத் திறக்க வைத்தவர் நீங்கள்! வலிக்காது என்று சொல்லி, வலிக்காமலே பார்த்துக்கொண்டவர் நீங்கள்! இந்த இரண்டு வாய்களைத் திறக்க ஒரு மலை கட்ட வேண்டியிருந்ததே!

அவர் பெயரால் ஒரு சிலை வைப்போம், ஒரு விருது வைப்போம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. சிலையை யார் கட்டுவது என்று பார்த்தால், கட்டத் தெரிந்தவர் போய்விட்டார். ஆகவே நாங்கள் எளிய உறுதி ஒன்றை ஏற்கிறோம். அவர் கட்டியது உடைந்தால் ஒட்டுவோம். உடையாததில் ஆடுவோம், ஏனென்றால் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி வைக்க அவர் எதையும் கட்டவில்லை. புதிதாக நாங்கள் கட்டுவது அவருடையதைவிட அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கட்டுவோம். சந்தேகம் வந்தால் எதிராளிக்குக் கொடுப்போம். எதிராளி கொடுத்தால், கையைக் கீழே வைத்து, நன்றி என்ற ஒரே சொல்லோடு வாங்கிக்கொள்வோம். அதன்பின் அதைப் பற்றி ஜுருவில் பேச மாட்டோம். சிம்பாங் அம்பாட்டிலும் பேச மாட்டோம்.

சிவகாமி ஆச்சி அவர்களே, அவர் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அது எங்கள் கையில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. இரண்டு பேர் கையில் இருக்கிறது. அவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

இத்துடன் என் உரையை முடித்துக்கொண்டு, அமைதி வணக்கத்துக்கு எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்ள இருந்தேன். அதற்குமுன் கீழிருந்து நூர்ஜான் அக்கா ஓர் அறிவிப்பைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பின் சந்தில் வெள்ளைக் கார் ஒன்று கடைக்கு வரும் ஐஸ் லாரியை மறித்துக்கொண்டு நிற்கிறதாம். உரிமையாளர் கவனிக்கவும். வழக்கம்போல ராம்நாத்துக்குக் கடை முன்னாலும் சுலைமானுக்குப் பின் சந்திலும் நாற்காலி போட்டுக் கார் நிறுத்தத் தனித்தனியாக இடம் பிடித்து வைத்திருந்தோம். இருவரும் இன்று ஒரே காரில் வந்திருக்கிறார்கள். பின் சந்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.